வேர்ச்சொல் யாருடையது?

யாருக்கும் சொந்தமில்லாத மொழிதான் எல்லோருக்கும் பொதுவாக இருக்க முடியும் என்பது எஸ்பெராண்டோவின் கணக்கு. 1859இல் பியாலிஸ்டோக்கில் பிறந்த யூதர், கண் மருத்துவர் ஸாமென்ஹாஃப், 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் சுமார் 900 வேர்ச்சொற்கள் இருந்தன. பெரும்பாலும் லத்தீன்வழி மொழிகள், ஜெர்மன், ஆங்கிலம், ஸ்லாவிய மொழிகளிலிருந்து எடுத்தவை. இங்கே 'உலகம்' என்பது ஐரோப்பாதான் என்பதை முதலில் குறித்துக்கொள்வோம்.

வேர் கொஞ்சம், ஒட்டு நிறைய: இதுதான் உத்தி. 'மால்' என்ற முன்னொட்டு எதிர்ப்பதம் தரும். 'சானா' நலமுள்ள, 'மால்சானா' நோயுற்ற, 'மால்சானுலேயோ' ஆஸ்பத்திரி. மனப்பாடச் சுமை குறையுது, சரி. ஆனால் எது வேர், எது அதன் மறுப்பு என்று தீர்மானித்தது யார்? ஏழை 'மால்ரீச்சா', பணக்காரனுக்கு எதிர். இடது 'மால்தெக்ஸ்த்ரா', வலதுக்கு எதிர். தாய் 'பத்ரினோ', தந்தையோடு பெண்விகுதி ஒட்டியவள். பின்னால் கவிஞர்கள் 'போவ்ரா', 'லீவா' என்று ஏழைக்கும் இடதுக்கும் தனி வேர்களைக் கொண்டுவந்தது ஓசைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஒழுங்கைக் கலைக்கிற சொல் ஒன்று உண்டு. 'எட்ஸோ' கணவன், 'எட்ஸினோ' மனைவி. பார்த்தால் வழக்கமான பெண்பால். பிறப்போ தலைகீழ். ஜெர்மனில் இளவரசியைக் குறிக்கும் 'ப்ரின்ட்ஸெஸின்' என்பதன் வாலை நறுக்கி மனைவிக்கான சொல்லைச் செய்ததாக ஸாமென்ஹாஃபே விளக்கினார். அப்படின்னா மனைவியிலிருந்துதான் கணவன் வந்தான். இலக்கணம் வரிசையை மாற்றிக் காட்டுகிறது.

சில ஆய்வாளர்கள், யூத குருவின் மனைவியைக் குறிக்கும் யித்திஷ் சொல்லான 'ரெபெட்ஸின்'தான் மூலம் என்கிறார்கள். எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சிச் சண்டையாகப் படவில்லை. படித்த யூதர்கள் பலரே அன்று யித்திஷைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். ஸாமென்ஹாஃபோ இளமையில் அதற்கு இலக்கணம் எழுதியவர். 1905இல் பிரான்சின் பூலோனில் முதல் உலக மாநாடு நடந்தபோது, அவர் யூதர் என்ற பேச்சு எழாமலிருக்க அங்கிருந்த முன்னணியாளர்கள் மெனக்கெட்டார்கள். பொதுமொழி செய்தவனுக்குச் சொந்தமொழி இருக்கக் கூடாதாம்.

மறைத்தும் தப்பவில்லை. ஹிட்லர் தன் நூலில் எஸ்பெராண்டோவை யூதச் சதியோடு சேர்த்து எழுதினான். ஸ்டாலினின் ரஷ்யாவில் 1937-38இல் எஸ்பெராண்டோக்காரர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஸாமென்ஹாஃபின் மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்றார்கள். மகள் லிடியாவை 1942இல், ட்ரெப்ளிங்காவில்.

கலைச்சொல் செய்கிற நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நடுநிலையான வேர் என்று ஒன்றை யாராவது நீட்டினால், அது எந்தத் தெருவில் பேசப்பட்டது, அந்தத் தெருவின் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டுவிட்டு வாங்குவோம்.