தேநீர்க் கடைக்காரர்கள் செய்த கணினி

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். மூன்று கிளைகளோடு பேக்கரி நடத்துகிறான். "சார், சாஃப்ட்வேர்க்காரர் வருஷா வருஷம் கட்டணத்தை ஏத்துறார். எங்களுக்கு வேண்டியது பாதி அதுல இல்ல. இப்ப ஏஐ கிட்ட சொன்னா அதுவே புரோகிராம் எழுதித் தருதாம். வாங்குறதா, நாமே செஞ்சுக்கிறதா?" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்து அனுப்பிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. இதே கேள்வி ஏறக்குறைய எண்பது வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு பேக்கரிக் கம்பெனிக்கும் வந்தது.

ஜே. லயன்ஸ் என்று பெயர். ரொட்டி, கேக், தேயிலை வியாபாரம். ஊரெங்கும் தேநீர்க் கடைகள். ஒரு பன்னில் கிடைக்கும் லாபம் சொற்பம், அதற்கு எழுத வேண்டிய கணக்கோ ஏராளம். 1947இல் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், புதிய அலுவலக முறைகளைப் பார்த்துவர. அங்கே கணினி என்ற ஒன்று இருப்பதை அறிந்தார்கள். உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் ஒன்று உருவாகிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள்.

விலைக்கு வாங்கலாம் என்றால் வியாபாரக் கணக்குக்கான கணினி அப்போது சந்தையிலேயே இல்லை. ஆகவே மாரிஸ் வில்க்ஸின் கேம்பிரிட்ஜ் குழுவுக்குப் பணமும் ஓர் ஆளும் கொடுத்து உதவினார்கள். அந்தக் கணினியை மாதிரியாக வைத்துத் தாங்களே ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் லியோ. ஆயிரக்கணக்கான வால்வுகள், ஓர் அறை முழுக்க இயந்திரம். 1951 நவம்பர் இறுதியில் பேக்கரிகளின் வாரக் கணக்கைப் போட ஆரம்பித்தது. ஒரு நிறுவனம் தன் அன்றாட வேலையைக் கணினியில் வழக்கமாக நடத்தியது உலகில் அதுவே முதல் தடவை. டீக்கடைக்காரர்கள் செய்த காரியம்!

இயந்திரத்தைவிட எனக்குப் பிடித்தது வேறு. ஜான் சிம்மன்ஸ் என்ற கணித மேதையை லயன்ஸ் 1923இலேயே வேலைக்கு எடுத்திருந்தது. எந்தத் தாள் யார் மேசைக்கு ஏன் போகிறது என்று ஆராய்வதற்கே 1930களில் தனி அலுவலகம் வைத்திருந்தார்கள். கணினி வருமுன்பே இருபது வருடம் தங்கள் வேலையைத் தாங்களே படித்தவர்கள்! 1954இல் கடைகளின் ஆர்டர்களை லியோவுக்கு மாற்றியபோது அது தெரிந்தது. கடையை நடத்தும் அம்மையார் தினமும் முழுப் பட்டியல் எழுத வேண்டாம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிலையான ஆர்டர் இருக்கும். மாற்றம் இருந்தால் மட்டும் போனில் சொன்னால் போதும், கேட்கிற பெண் அப்படியே அட்டையில் துளையிடுவார். இதை எந்த எஞ்சினியர் யோசித்திருப்பார்?

அடுத்த கதை, வாங்குவது பற்றி. 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் ஒரு நைலான் ஆலைக்காகப் புரோகிராம் எழுதினார்கள். அதையே பொதுவாக்கி மற்றவர்களுக்கும் விற்றார்கள். அதுதான் எஸ்.ஏ.பி. நம் கடைகளில் இருக்கும் டேலியும் அப்படித்தான். ஆலைகளுக்குச் சரக்கு விற்ற பெங்களூரு வியாபாரி எஸ்.எஸ். கோயங்காவுக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்கவில்லை. மகன் பரத்தை எழுதச் சொன்னார், 1986இல் அதுவே கம்பெனியானது. நாம் கடையில் வாங்குவது எப்போதோ ஒருவர் தன் தேவைக்குச் செய்துகொண்டது.

ஆனால் அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை சில சமயம் பிடிக்கும். ஜெர்மனியின் லிடில் கடைகள் எஸ்.ஏ.பி.க்கு மாற ஏழு வருடம் பாடுபட்டு 2018இல் கைவிட்டன. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம், மென்பொருள் எதிர்பார்த்ததோ விற்கும் விலை. அந்த முறையை விட அவர்களுக்கு மனமில்லை என்றும் எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே ஏஐயிடம் ஓடிவிடாதே தம்பி. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர் மதிப்பெண் பட்டியலுக்கு ஃபாக்ஸ்புரோவில் அருமையான புரோகிராம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடம் ராஜாவாக இருந்தோம். அவருக்கு மாறுதல் வந்தது. மறு வருடம் செய்முறைத் தேர்வுக்கு ஒரு கட்டம் கூடுதலாக வேண்டியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ரிசல்ட்டுக்கு முதல் நாள் இரவு பதினோரு மணிவரை நாலு பேர் ரூல் போட்ட நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தோம். ஏஐ எழுதினாலும் இதே நிலைதான். ஜி.எஸ்.டி. விதி மாறும் நாளில் அதைத் திறந்து புரிந்துகொள்ள உன் கடையில் ஓர் ஆள் வேண்டும்.

ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாக் கடைக்கும் ஒன்றுதான், அதை வாங்கிக்கொள். எந்தக் கிளைக்கு எந்தக் கிழமை எத்தனை பன், மீதியை என்ன செய்கிறாய் என்பது உன் கடை ரகசியம். அதை வேண்டுமானால் ஏஐயை வைத்துச் செய்துபார். இரண்டு மாதமாவது பழைய நோட்டும் கூடவே ஓடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் ஆர்டர் நோட்டை எடுத்துவா. தேங்காய் பன்னும் நாலு.