உணவகங்கள் சொல்லும் வரலாறு: கடற்கரை முதல் சாத்தாங்காடு வரை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் பழைய கட்டடங்களையே தேடிச் செல்கின்றனர். வடசென்னையில் அவற்றுக்குக் குறைவில்லை. 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. 1910இல் எழுந்த பார்சிகளின் நெருப்புக் கோயிலும் அதே இராயபுரத்தில் உள்ளது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலத்தைப் பேசுகின்றன. ஆயினும் இங்கே மூட்டை தூக்கியும் இயந்திரம் ஓட்டியும் வாழ்ந்த உழைப்பாளிகளுக்குக் கல்வெட்டு எதுவும் இல்லை. அவர்களின் வரலாறு டீக்கடைப் பெஞ்சிலும், சாப்பாட்டுக் கடையின் கடன் நோட்டிலும், அவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியோரின் நாவிலுமே தங்கியிருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர்கள் அமர்ந்து பேசுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். எந்த முனையில் பாயா நன்றாக இருந்தது, எந்தக் கடையில் விடியற்காலை நாஷ்டாவுக்கு இடியாப்பம் கிடைத்தது, எந்த பாய் சம்பள நாள் வரை கடன் சொல்ல அனுமதித்தார் என்றே பேச்சு தொடங்கும். சற்று நேரத்தில், "இப்போது எல்லாம் மாறிப் போயிற்று; வெளியூர்க்காரர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர்கள் தலையசைப்பார்கள். இந்தப் பெருமூச்சு நியாயமானதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்கடைகள் யாருக்காகத் தோன்றின என்பதைக் காண வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் சுமை தூக்குவோர், வண்டியோட்டிகள், கப்பல் பணியாளர்கள் ஆகியோரை நம்பிக் கடைகள் எழுந்தன. வடக்கே செல்லச் செல்லத் தொழிற்சாலைகள் வந்தன. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை அமைந்தது. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் வாகனங்களைத் தயாரித்து, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரமே கடைகளின் நேரமாயிற்று. இரவு ஷிப்டு முடித்து வருபவனுக்கு விடியலில் சூடான சோறு தேவைப்பட்டது; அதை அறிந்தவர் கடை வைத்தார். உண்டவரிலும் சமைத்தவரிலும் பெரும்பாலோர் வேறு ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களே.

வந்தவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர்கள் பர்மாவிலிருந்து திரும்பியோர். ரங்கூன் நகரில் ஒரு காலத்தில் இந்தியர்களே பெரும்பான்மையினர். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். தமிழ் முஸ்லிம்களும் அங்கே கடைகள் நடத்தினர், பள்ளிவாசல்களை எழுப்பினர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கானோர் காடு மலை கடந்து நடந்தே இந்தியா வந்தனர். பின்னர் 1962 மார்ச் 2ஆம் நாள் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்த பொருளை இழந்து, அகதிகளாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர் நம் மக்கள். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தனர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் பலர் குடியமர்ந்தனர். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1969 அளவில் கடற்கரை இரயில் நிலையத்துக்கு அருகே சாலையோரச் சிறு கடைகளாகத் தொடங்கியதே பர்மா பஜார்.

இவர்கள் கையோடு கொண்டு வந்தது பணமன்று, கைப்பக்குவம். பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றால் கலந்து பிசைந்த உணவு. அதுவே சென்னையில் 'அத்தோ' ஆயிற்று. மஞ்சள் நிற நூடுல்ஸுடன் முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் கலந்து, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவில் 'மொஹிங்கா' எனப்படும் மீன் குழம்பில் வாழைத்தண்டு சேர்ப்பது வழக்கம். இங்கே பல கடைகளில் மீன் நீங்கி வாழைத்தண்டு நிலைத்தது. உண்போரின் கைக்கும் நாவுக்கும் ஏற்ப ஓர் உணவு எவ்வாறு ஊர் மாறுகிறது என்பதற்கு இதுவே சான்று. இன்று "வடசென்னையின் சொந்த உணவு" என்று நாம் பெருமை பேசும் அத்தோ, அகதிகளின் வண்டிக் கடையிலிருந்து வந்தது.

இவ்விடத்தில் நமக்கு மதீனா நினைவுக்கு வருகிறது. மக்காவில் அனைத்தையும் விட்டு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழரான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள். வந்தவரோ அதற்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குச் சென்று, பாலாடைக் கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பினார்கள். இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. வந்தவர் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. இருந்தவர் சந்தையின் வழியை மறைக்கவில்லை. பர்மாவிலிருந்து வந்தோருக்கு வடசென்னை செய்ததும் பெருமளவு இதுவே. நடைபாதையில் அடுப்பு வைக்க இடம் விட்டது. அறிமுகமில்லாத உணவை வாங்கி உண்டது.

அப்படியானால் பழைய கடைகள் ஏன் மறைந்தன? வெளியூர்க்காரர் வருகையால் அல்ல. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ஆயிரம் தோள்கள் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் செய்யத் தொடங்கின. தோள்கள் குறைந்ததும் அவற்றுக்குச் சோறு போட்ட கடைகளும் குறைந்தன. கன்டெய்னர் லாரிகளுக்காகச் சாலைகளை அகலப்படுத்தியபோது சாலையோரக் கடைகள் பின்வாங்கின. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. நெடுஞ்சாலையின் தோற்றமும் கடை வாடகையும் மாறின. இதற்கிடையே 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. தொழிலும் சாலையும் மாறும்போது உணவகம் மாறாமல் இருக்க முடியாது.

சாத்தாங்காட்டின் கதையும் இதுவே. ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைப்பதற்காக, இரும்பு வணிகத்தை நகரின் வடக்கே கொண்டு செல்லும் நோக்கில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இங்கே இரும்பு, எஃகுச் சந்தையை அமைத்தது. கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்குச் சென்ற காய்கறிச் சந்தையைப் போன்ற ஏற்பாடு இது. இன்று அந்தச் சந்தையில் தகடு வெட்டுவோரிலும் கம்பி ஏற்றுவோரிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். அவர்களுக்காக ரொட்டியும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் விற்கும் சிறு கடைகள் முளைத்துள்ளன. அவற்றைக் கண்டு முகம் சுளிப்போரும் நம்மிடையே உண்டு. சென்ற தலைமுறையின் அத்தோக் கடையைப் போற்றிவிட்டு, இந்தத் தலைமுறையின் ரொட்டிக் கடையை வெறுப்பது எவ்வகை நீதி? குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அண்டை வீட்டார் எந்த மொழி பேச வேண்டும் என்று அந்த அறிவுரையில் நிபந்தனை இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முதியோரின் நினைவுகள் அவர்களுடனேயே மண்ணுக்குள் சென்றுவிடுகின்றன. ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த முறை கையில் இருக்கிறது: சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று பார்ப்பது. கடை பற்றிய நினைவுக்கும் அது பொருந்தும். ஆண்டு நினைவில்லாத பெரியவரிடம், "சுத்திகரிப்பு ஆலை வருவதற்கு முன்பா, பின்பா? மெட்ரோ தூண் எழுவதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் காலம் தெளிவாகும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதி வைப்போம். ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் இருவர் ஒரு நோட்டுடன் அமர்ந்து, கடையின் பெயர், நடத்தியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் உண்டனர், ஏன் மூடப்பட்டது என்ற நான்கையும் குறித்தாலே போதும். அவ்வாறு எழுதி முடிக்கும்போது, ஏறத்தாழ ஒவ்வொரு கடையின் எதிரிலும் ஒரு வெளியூரின் பெயர் இருக்கக் காண்போம்.

பசிக்கு உணவும் அச்சத்திலிருந்து பாதுகாப்பும் தான் அளித்த அருட்கொடைகள் என்பதை சூரா குறைஷில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அவ்விரண்டையும் பெற்ற நாம், நம் தெருவுக்கு வருவோருக்கும் அவை கிடைக்கக் காரணமாக இருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.