ஒரு காருக்கு 36 செகண்டு

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு சம்பளம் பத்தலையாம், வேலையில அர்த்தமும் வேணுமாம்" - பெரிசுங்க புலம்பறது உங்க காதுலயும் விழுந்திருக்கும். பொட்டி தட்டற நம்ம கூட்டத்தைத்தான் சொல்றாங்க. ஆனா மக்களே, இது ஐடி வந்தப்புறம் ஏறின கொழுப்பு இல்லை. கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம்.

1913-ல் ஹென்றி ஃபோர்டு தன் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். கைத்தொழில் தெரிஞ்ச ஆளுங்களுக்கு நாள் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்கற வேலை. தெறிச்சு ஓடினாங்க. அந்த வருஷம் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம்! அதாவது 100 இடத்தை நிரப்பி வைக்க வருஷத்துக்கு 370 பேரை எடுக்கணும். 1914 ஜனவரியில் தினக்கூலியை 5 டாலர்னு அறிவிச்சார், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஓட்டம் மளமளன்னு குறைஞ்சது. வேலைக்கு அர்த்தம் வந்ததாலயா? ம்ஹூம். அர்த்தமில்லாததுக்கு ஒரு விலை கிடைச்சதால.

1930-களின் பெருமந்தத்துல வேலைக்கு வரிசையில நின்ன தலைமுறைக்கு அந்த விலை கட்டுபடியாச்சு. அவங்க பிள்ளைங்களுக்கு ஆகலை.

ஓஹையோ மாநிலம் லார்ட்ஸ்டவுன். ஜெனரல் மோட்டார்ஸின் வேகா கார் ஆலை. ஆளுங்க பெரும்பாலும் இருபதுகளில், சம்பளமும் நல்ல சம்பளம். 1971 கடைசியில் புது நிர்வாகப் பிரிவு பொறுப்பேத்து ஆட்குறைப்பு செஞ்சது. மணிக்கு 100 கார், ஒரு காருக்கு 36 செகண்டு. பசங்க ஒரு வழி வெச்சிருந்தாங்க: ஒருத்தன் ரெண்டு பேர் வேலையையும் பார்ப்பான், மத்தவன் மூச்சு விட்டுக்குவான், அப்புறம் மாத்திக்குவாங்க. நிர்வாகம் அதையும் தடுத்தது. 1972 மார்ச்சில் 22 நாள் ஸ்ட்ரைக். கேட்டது கூலி உயர்வு இல்லைங்க, மனுஷன் பார்க்கிற மாதிரி வேலை. வேலை போனவங்க பலர் திரும்பினாங்க. லைன் வேகம் மட்டும் குறையலை.

அதே வருஷக் கடைசியிலேயே அமெரிக்க அரசு அமைச்ச குழு ஒண்ணு, சலிப்பூட்டும் அர்த்தமற்ற வேலைதான் அதிருப்திக்குக் காரணம்னு அறிக்கை கொடுத்தது. ஆக, அப்பன் தலைமுறைக்கும் இந்த ஆசை இருந்திருக்கு, 1913-ல் ஓடினவங்களே சாட்சி. பசி அந்தக் கேள்வியை அமுக்கி வெச்சிருந்தது, அவ்வளவுதான். வயிறு நிறைஞ்சதும் மேல வந்துடுச்சு.

அதனால அடுத்த முறை யாராவது "திமிரு"ன்னு சொன்னா, கோவிச்சுக்காதீங்க. அவங்க போட்ட சோறுதான் நம்மளை இந்தக் கேள்வியைக் கேட்க வைக்குதுன்னு சொல்லுங்க. அது அவங்களுக்கும் பெருமைதானே!