மணிக்கணக்கும் தகுதியும்: வணிக விமானி உரிம விதிகள் வளர்ந்த வரலாறு

வாடகையோ ஊதியமோ பெற்றுக்கொண்டு பயணிகளையும் சரக்கையும் வான்வழி ஏற்றிச் செல்ல ஒருவருக்கு அரசு வழங்கும் அனுமதியே வணிக விமானி உரிமம் எனப்படுகிறது. தனியார் விமானி உரிமத்திலிருந்து இதைப் பிரிப்பது விமானத்தின் பருமனோ எஞ்சினின் வலிமையோ அன்று. நான்கு பேர் அமரும் ஒரே விமானத்தில் நண்பர்களை இலவசமாக அழைத்துச் செல்பவருக்குத் தனியார் உரிமம் போதும், அவரே அந்தப் பயணத்துக்குக் கட்டணம் வாங்கினால் வணிக உரிமம் வேண்டும். பணம் கொடுத்து ஏறுபவர் விமானியை நேரில் அறியாதவர் என்பதால், அவர் சார்பில் விமானியின் திறனுக்கு உறுதி தரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. அந்தத் திறனை எதைக்கொண்டு அளப்பது என்பதற்கு நாடுகள் கண்ட விடைகளுள், பறந்த மணிக்கணக்கே மற்ற எல்லா அளவுகோல்களையும்விட உறுதியாக வேரூன்றியது. அது வேரூன்றிய விதத்தையும், அதன் போதாமை வெளிப்பட்ட இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்க காலச் சான்றிதழ்களில் மணிக்கணக்கு என்பதே இல்லை. 1905இல் தோன்றிய பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பைச் சேர்ந்த தேசியக் கழகங்களே அப்போது சான்று வழங்கின; 1909இல் பிரெஞ்சுக் கழகம் அளித்த முதல் சான்றிதழ் லூயி பிளேரியோவுக்கும், 1910 மார்ச்சில் பிரிட்டனின் ராயல் ஏரோ கிளப் அளித்த முதல் சான்றிதழ் மூர்-பிரபசனுக்கும் சென்றன. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ராயல் ஏரோ கிளப் நடத்திய தேர்வு மிக எளிமையானது. ஐந்நூறு மீட்டருக்கு மிகாத இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்களைச் சுற்றி, எட்டு என்ற எண்ணின் வடிவில், குறைந்தது ஐந்து கிலோமீட்டர் தொலைவை இருமுறை பறந்து காட்ட வேண்டும். ஒருமுறை ஐம்பது மீட்டர் உயரத்தையாவது எட்ட வேண்டும். தரையிறங்கும்போது எஞ்சினை நிறுத்தி, முன்கூட்டியே குறித்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விமானத்தை நிறுத்த வேண்டும். தேர்வர் எத்தனை நாள் பயின்றார் என்று எவரும் கேட்கவில்லை. கண்ணெதிரே செய்து காட்டியதே தகுதியாகக் கொள்ளப்பட்டது. பறத்தல் பெரும்பாலும் சொந்தப் பொழுதுபோக்காகவும் பந்தயமாகவும் இருந்த காலத்தில் இதற்குமேல் கேட்க வேண்டிய தேவை எழவில்லை என்றே கருதலாம்.

போர் முடிந்து, எஞ்சிய ராணுவ விமானங்கள் அஞ்சலுக்கும் பயணத்துக்கும் திருப்பப்பட்டபோது நிலைமை மாறியது. 1919 அக்டோபர் 13 அன்று பாரிஸில் கையெழுத்தான வான்வழிப் போக்குவரத்து உடன்படிக்கை, விமானிகள் தகுதிச் சான்றும் உரிமமும் வைத்திருக்க வேண்டும் என்றதோடு, அதன் பின்னிணைப்பு ஒன்றில் தனியாகப் பறப்பவரையும் பொதுப் போக்குவரத்தில் பறப்பவரையும் வெவ்வேறு வகையினராகப் பிரித்து, பின்னவருக்குக் கடுமையான தேர்வையும் மருத்துவச் சோதனையையும் விதித்தது. பிரிட்டனிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் ‘ஏ’ உரிமம், ‘பி’ உரிமம் என்று வழங்கிய பாகுபாடு இதன் வழி வந்ததே. ‘பி’ உரிமமே இன்றைய வணிக விமானி உரிமத்தின் முன்னோடி.

மணிக்கணக்கு விதியாகத் தெளிவாக இடம்பெற்றது, பாரிஸ் உடன்படிக்கையை ஏற்காமல் தனிவழி சென்ற அமெரிக்காவில்தான். 1926ஆம் ஆண்டின் வான்வழி வணிகச் சட்டத்தின்கீழ் வெளியான விதிகள், தனியார் விமானிக்கு 10 மணி, வரம்புக்குட்பட்ட வணிக விமானிக்கு 50 மணி, போக்குவரத்து விமானிக்கு 200 மணி எனத் தனித்துப் பறந்த நேரத்தைப் படிகளாக வகுத்தன. முதல் உரிமத்தை ஆர்வில் ரைட்டுக்கு வழங்க அரசு முன்வந்தபோது, தாம் இப்போது விமானம் ஓட்டுவதில்லை என்று அவர் மறுத்துவிட, வணிகத் துறையில் வானூர்திப் பிரிவின் பொறுப்பிலிருந்த வில்லியம் மெக்ராக்கன் 1927 ஏப்ரலில் முதல் உரிமத்தைப் பெற்றார். பரந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோரின் திறனை நேரில் கண்டு மதிப்பிடப் போதிய ஆய்வாளர்கள் இல்லாதபோது, ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கக்கூடிய ஓர் எண் நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இந்தியாவில் உரிமங்களின் தொடக்கமும் கழகங்களின் வழியேதான் நிகழ்ந்தது. 1929 பிப்ரவரி 10 அன்று இந்திய - பர்மா ஏரோ கிளப்பிடம் ஜே.ஆர்.டி. டாட்டா பெற்ற முதலாம் எண் சான்றிதழ் பலரும் அறிந்தது. மூன்றரை ஆண்டுக்குப் பின், 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளை ஏற்றி வந்த பஸ் மோத் விமானத்தை, பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றவர் முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி நெவில் வின்சென்ட். கூலிக்குப் பறத்தல் இவ்வாறு ஒரு தொழிலாகிய பிறகே 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டமும், உரிம நிபந்தனைகளை அட்டவணையில் விரித்துரைத்த 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளும் வந்தன. அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்று உலகெங்கும் காணப்படும் ஒற்றுமை 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் விளைவு. அதன் 33ஆம் பிரிவு, பன்னாட்டுக் குறைந்தபட்சத் தகுதிகளை நிறைவு செய்யும் எந்த உரிமத்தையும் பிற உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தைச் சொல்லும் முதலாம் இணைப்பு 1948 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்டது. அந்த உடன்படிக்கையின் பத்தொன்பது இணைப்புகளில் பணியாளர் உரிமம் குறித்ததே முதல் எண்ணைப் பெற்றிருக்கிறது.

இந்திய விதிகள் வணிக உரிமத்துக்குக் கேட்கும் 200 மணிப் பறப்பைப் பிரித்துப் பார்த்தால், அந்த எண்ணுக்குள் தனித்தனிச் சோதனைகள் அடங்கியிருப்பது புலப்படும். அதில் 100 மணியாவது விண்ணப்பதாரர் தாமே தலைமை விமானியாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று, பறந்திருக்க வேண்டும். அதற்குள் 20 மணி ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பறப்பு. அதிலும் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமலும், வழியில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று புறப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளின் அளவீடுகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிவழிப் பறப்பு 10 மணி. இரவுப் பறப்பு 5 மணி, பத்து ஏற்றங்களும் பத்து இறக்கங்களும் உட்பட. இவற்றோடு வழிகாணல், வானிலையியல், வான்வழி விதிகள் முதலிய எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும், ரேடியோ தொலைபேசி உரிமமும் தேவை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், கலைப் பிரிவு மாணவர்கள் திறந்தநிலைப் பள்ளி வழியே அவ்விரு பாடங்களை மட்டும் மறுபடி எழுதுவது வழக்கமாகிவிட்டது.

இத்தனை மணிகளும் பதிவாகும் இடம் லாக் புக் எனப்படும் பறப்புப் பதிவேடு. தேதி, விமானத்தின் பதிவெழுத்து, புறப்பட்ட இடம், இறங்கிய இடம், பகலா இரவா, தனியாகவா ஆசிரியரோடா என்று ஒவ்வொரு வரியையும் விமானியே எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகையை இடுகிறார். பறக்காமலே எழுதப்படும் நேரத்துக்கு ஆங்கிலம் பேசும் விமானிகளிடையே ‘பார்க்கர் பேனா மணி’ என்றொரு கேலிப்பெயர் நெடுங்காலமாக வழங்கி வருவதே இந்த அளவுகோலின் பலவீனத்தைக் காட்டப் போதுமானது. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி, வணிக உரிமத்துக்கு அடுத்த படியான உயர்நிலை உரிமம் பெற்றவர்கள் கைதானதைத் தொடர்ந்து, உரிமங்களும் பறப்புப் பயிற்சி நிறுவனங்களின் பதிவுகளும் விரிவாகச் சரிபார்க்கப்பட்டன. ஏட்டை நம்பும் முறை, ஏட்டைத் தணிக்கை செய்யும் முறையையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் நிர்வாகத்துக்கு உறைத்தது போலும்.

மணிக்கணக்கால் அளக்க முடியாதவற்றை விபத்துகளே விதிப்புத்தகத்தில் சேர்த்தன. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி வானில் சவூதி அரேபியாவின் போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியில் நிலைகொள்ள வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. தரைக்கட்டுப்பாட்டின் ஆங்கில அறிவுறுத்தலை அதன் குழுவினர் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அனுபவம் வாய்ந்த குழுவாயினும் மொழி கைகொடுக்கவில்லை. இத்தகைய விபத்துகளை முன்னிட்டு, ஆறு படிநிலைகள் கொண்ட மொழித்திறன் அளவை வகுக்கப்பட்டு, பன்னாட்டுப் பறப்புக்கு நான்காம் நிலையாவது வேண்டும் என்ற விதி 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. வயது வரம்பின் கதை வேறு: 1960இல் அமெரிக்கா விதித்த 60 வயது எல்லை, 2006இல் பன்னாட்டு அளவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் 65 ஆனது.

மணிக்கணக்கு மீதான நம்பிக்கையின் உச்சத்தையும் முரணையும் ஒருசேரக் காட்டுவது அமெரிக்காவின் 1,500 மணி விதி. 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து, தரையிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்து இறக்கைகள் தாங்குவிசையை இழக்கப்போவதை எச்சரிக்கும் வகையில் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி தண்டைத் தம் பக்கம் இழுத்தார் என்பது விசாரணையின் முடிவு. இறந்தோர் குடும்பத்தினரின் விடாமுயற்சியால் 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, அதுவரை 250 மணியும் வணிக உரிமமும் கொண்டு அமரக்கூடிய துணை விமானி இருக்கைக்கும் 2013 முதல் 1,500 மணியும் உயர்நிலை உரிமமும் கட்டாயமாயின. அந்த விமானத்தின் தலைமை விமானி 3,300 மணிக்கு மேலும், துணை விமானி 2,200 மணிக்கு மேலும் பறந்தவர்கள். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரையும் தடுத்திருக்காது. தலைமை விமானி முன்பு பல செய்முறைத் தேர்வுகளில் தோற்றிருந்தார் என்பதும், அவை அனைத்தும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும்தான் விபத்தோடு நெருங்கிய செய்திகள். அதே சட்டம் கேட்ட விமானியர் பதிவுத் தரவகம் இக்குறையை நேராகத் தொட்டாலும், பொதுப்பேச்சில் நிலைத்தது 1,500 என்ற எண்தான். ராணுவ விமானிக்கு 750, விமானத்துறைப் பட்டம் பெற்றவருக்கு 1,000 என்று சட்டத்தின்கீழ் அளித்த சலுகைகள், எல்லா மணியும் ஒரே எடை கொண்டதன்று என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றன.

இதற்கு நேரெதிர்த் திசையில் 2006இல் முதலாம் இணைப்பில் பல்குழு விமானி உரிமம் நுழைந்தது. தனியே சிறுவிமானத்தில் மணி சேர்ப்பதைக் குறைத்து, இருவர் கூடி ஓட்டும் விமானத்துக்கான பயிற்சியைத் தொடக்கத்திலிருந்தே சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவியில் அளிப்பதும், ஒவ்வொரு கட்டத்திலும் செயல்திறனை அளப்பதும் அதன் நோக்கம்; உண்மைப் பறப்பும் பாவனைப் பறப்பும் சேர்ந்து 240 மணி போதும். லுஃப்தான்சா உள்ளிட்ட நிறுவனங்கள் இதைக் கைக்கொண்டன. அமெரிக்கா தன் விமானிகளுக்கு இவ்வுரிமத்தை வழங்குவதில்லை. ஆயினும் சிகாகோ உடன்படிக்கையின் 33ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டதால், இவ்வுரிமம் பெற்ற ஜெர்மானியத் துணை விமானி நியூயார்க்கில் பயணிகளுடன் வந்து இறங்க அது அனுமதிக்கிறது. அதே ஓடுபாதையில், 1,400 மணி பறந்தும் சலுகை எதற்கும் உட்படாத அமெரிக்க வணிக விமானி ஒருவர் தம் நாட்டு விமான நிறுவனத்தின் துணை விமானி இருக்கையில் அமர முடியாது.