புகைக்கு நீண்ட வழி: ஐரோப்பிய வீடுகளில் விறகுக் கணப்பின் வளர்ச்சி

வட ஐரோப்பிய வீடுகளில் பல நூற்றாண்டுகள் வழக்கிலிருந்த திறந்த கணப்பு, சுவரோடு சேர்ந்த மாடத்தில் விறகை எரித்து, அதன் புகையை நேர்குத்தான புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே அனுப்பும் எளிய அமைப்பாகும். புகை சூழாத அறை அக்காலத்தில் பெரும் வசதியாகக் கருதப்பட்டதாயினும், எரிந்த விறகின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கே அறைக்குள் தங்க, எஞ்சியதெல்லாம் புகையோடு போயிற்று. காற்று பலமாக வீசிய நாட்களில் நிலைமை இன்னும் மோசமானது. புகைபோக்கியின் வாயைக் கடந்து விரையும் காற்று அறைக்காற்றை மேலும் வலுவாக இழுக்க, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகவும் சாளரத்தின் ஓரங்கள் வழியாகவும் பனிக்காற்று உள்ளே புகுந்தது. நெருப்பைப் பெரிதாக்கினால் இந்த இழுப்பும் பெரிதாயிற்று. ஐரோப்பாவையே உறையவைத்த 1709ஆம் ஆண்டுக் குளிரில், வெர்சாய் அரண்மனையிலிருந்த ஒர்லியான் கோமகள் எலிசபெத் ஷார்லெட், கொழுந்துவிட்டெரியும் நெருப்பருகே கழுத்தில் மென்மயிர்த் தோலும் கால்களில் கரடித்தோல் உறையும் அணிந்திருந்தும் பேனாவைப் பிடிப்பதே அரிதாகும்படி நடுங்குவதாகக் கடிதம் எழுதியுள்ளார். அரண்மனைவாசிக்கே இந்நிலை என்றால், விறகை எண்ணி எரித்த குடும்பங்களின் குளிர்காலம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சிகளை விரைவுபடுத்தியது குளிரைவிட விறகுத் தட்டுப்பாடே என்று கொள்ள வலுவான சான்றுகள் உள்ளன. ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் கெஸ்லர் 1618இல் வெளியிட்ட அடுப்பு நூலின் பெயரே ‘விறகைச் சிக்கனப்படுத்தும் கலை’ என்று பொருள்படுவது. காடுகள் சூழ்ந்த அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நகரங்களை ஒட்டிய மரங்கள் விரைவில் தீர்ந்தன. பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1744இல் தம் புதிய கணப்பை விளக்கி எழுதிய சிறுநூலில், ஒரு நூற்றாண்டுக்கு முன் வீட்டு வாசலிலேயே கிடைத்த விறகைச் சில நகரங்கள் ஏறத்தாழ 100 மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பதைச் சுட்டினார். புகையை முதலில் கீழ்நோக்கி இறக்கிப் பின்னர் மேலேற்றிய அவருடைய வார்ப்பிரும்புக் கணப்பு, புகைபோக்கி நன்கு சூடேறாத நேரங்களில் புகையை அறைக்குள்ளேயே திருப்பிவிட்டதால் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. ஆயினும் புகையை உடனே வெளியேற விடாமல், அதன் வெப்பத்தைப் பறித்த பின்னரே அனுப்ப வேண்டும் என்ற அதன் அடிப்படை எண்ணம் சரியானதே.

அவ்வெண்ணம் முழுமை பெற்றது சுவீடனில். அந்நாட்டு ஏற்றுமதியின் முதுகெலும்பாக இருந்த இரும்பை உருக்க மரக்கரி ஏராளமாகத் தேவைப்பட்டதால், வீட்டு நெருப்பும் உலை நெருப்பும் ஒரே காட்டுக்குப் போட்டியிட்டன. விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்பு ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு, கட்டடக் கலைஞர் கார்ல் யோஹான் குரூன்ஸ்டெட்டிடமும் இராணுவ அதிகாரியான ஃபாபியன் வ்ரேடெயிடமும் ஒப்படைக்கப்பட, அவர்களது வடிவமைப்பு 1767இல் வெளியாயிற்று. ‘காகெலுங்ன்’ எனப்படும் ஓடு பதித்த அடுப்புகள் அங்கே முன்னரே இருந்தன என்பதால், அவ்விருவரின் சாதனை அடுப்பின் வெளித்தோற்றத்தில் இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. எரிகூடத்திலிருந்து மேலேறும் சூடான புகை, உச்சியை அடைந்ததும் இருபுறமும் செங்கல்லால் கட்டப்பட்ட குறுகிய குழாய்களில் அடிவரை இறங்கி, மீண்டும் வேறு குழாய்களில் ஏறிய பின்னரே புகைபோக்கியைச் சேர்கிறது. இந்த ஐந்து குழாய்ப் பயணத்தில் புகை தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் செங்கல்லுக்குக் கொடுத்துவிட, செங்கல் அதை ஓடுகளின் வழியே பல மணி நேரம் மெல்ல அறைக்குள் விடுகிறது.

நாள் முழுவதும் விறகிட்டுக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது. காலையில் ஒருமுறை, கடுங்குளிரில் மாலையில் மற்றொருமுறை, உலர்ந்த விறகைச் சுடர்விட்டெரிய விட்டு, தணலான பின் புகைவழியின் குறுக்கே அமைந்த ‘ஸ்பியெல்’ என்னும் இரும்புத் தகட்டை மூடினால், வெளிக்காற்று அடுப்பின் சூட்டை இழுத்துச் செல்ல வழியில்லாமல் போகும். காற்று வீசும் இரவுகளில் இத்தகட்டின் அருமை தெளிவாக விளங்கும். ஆனால் தகட்டை மூடும் தருணத்தில் உயிரே அடங்கியிருந்தது. கங்குகளின் மேல் நீலச் சுடர் தவழும் வரை அங்கே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உருவாகி எரிந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, தகடு முன்கூட்டியே மூடப்பட்டால் அறைக்குள் கசிந்து, உறங்குவோரின் உயிரைப் பறிக்கும். விறகை மிச்சப்படுத்தும் ஆவல் தகட்டை விரைந்து மூடத் தூண்டியதையும், அதே விரைவு ஆபத்தானதையும் அடுப்பின் வரலாற்றில் பொருட்படுத்தாமல் விட இயலாது. வெப்பத்தின் பயன்பாட்டை மட்டும் பேசும் நூல்கள் இப்பகுதியைக் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

தொடக்கத்தில் ரோர்ஸ்ட்ராண்ட், மரியபெரி போன்ற மட்பாண்ட ஆலைகளின் வண்ண ஓடுகளுடன் செல்வர் மாளிகைகளை அலங்கரித்த இவ்வடுப்பு, 19ஆம் நூற்றாண்டில் நகரத்து அடுக்ககங்களுக்கும் பரவி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மைய வெப்பமூட்டல் வரும் வரை நிலைத்தது. இங்கிலாந்தோ திறந்த நெருப்பை விட மனமின்றி அதையே திருத்திக்கொண்டது. ரம்ஃபோர்டு கோமகன் எனப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன் 1790களில் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை ஏறத்தாழ 4 அங்குலமாக ஒடுக்கியதால் புகைத் தொல்லையும் வெப்ப இழப்பும் குறைந்தன.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி விறகை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்காவில் பெருகிய காற்றடைப்பு இரும்பு அடுப்புகள், காற்று நுழையும் வாயைச் சுருக்கி இரவு முழுவதும் நெருப்பைப் புகையவிட்டன. செங்கல் அடுப்பு வெப்பத்தைச் சேமித்தது. இரும்பு அடுப்போ விறகைச் சேமிக்க முயன்று, முழுமையாக எரியாத புகையைப் பெருக்கியது. அப்புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவமாக ஒட்டிப் பின்னர் தீப்பற்றுவது ஒருபுறமிருக்க, காற்றில் கலந்த நுண்துகள்கள் அக்கம்பக்கத்தாரின் நுரையீரலைப் பாதித்தன. 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய அடுப்புகளுக்கு முதன்முறையாக உமிழ்வு வரம்பை விதித்தது. வினையூக்கி இல்லாத அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம் என்றிருந்த வரம்பு 2020இல் 2 கிராமாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் விற்பனைக்கு வரும் மூடிய விறகடுப்புகள் குறைந்தது 65 விழுக்காடு பயன்திறன் கொண்டிருக்க வேண்டும்.

இவ்வரம்புகள் அடுப்பைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, அதில் இடப்படும் விறகைக் கட்டுப்படுத்துவதில்லை. புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும் என்பதால், வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, எரிகூடம் குளிர்ந்து, எத்தகைய நல்ல அடுப்பும் புகையத் தொடங்கும். இதைக் கருதியே இங்கிலாந்து 2021 மே முதல், சிறு அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது எனச் சட்டம் செய்தது.