கோப்புக்குள் நுழைந்த அச்சு இயந்திரம்

ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு, நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டில் பார்த்தால் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டும். வரிமுடிவுக் குறிகள் மாறியிருக்கும்; உடனே விண்டோஸைத் திட்டுவதுதான் வழக்கம். ஆனால் வழக்கு விண்டோஸுக்கு முந்தியது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற அச்சு இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அச்சுத்தலையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு குறி, தாளை ஒரு வரி ஏற்ற இன்னொரு குறி. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கியில் அவை 13, 10. தலை வலக்கோடியிலிருந்து திரும்பிவர ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பினார்கள். தலை ஓடிக்கொண்டிருக்கும்போதே 10 வந்து தாளை ஏற்றிவிடும். 13-ஐ மட்டும் அனுப்பி, அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிக்கவும் முடிந்தது. ஆக, இரண்டு குறி என்பது வீண் ஆடம்பரம் அல்ல.

பிரிவு வந்தது அதற்கப்புறம்தான். இயந்திரத்தின் இந்தத் தேவையைக் கோப்பிலும் எழுதிவைக்க வேண்டுமா? மல்டிக்ஸ் இயங்குதளம் வேண்டாம் என்றது: கோப்பில் 10 மட்டும், அச்சுக்குப் போகும்போது மீதியை டிரைவர் பார்த்துக்கொள்ளும். யுனிக்ஸ் அதையே பிடித்துக்கொண்டது. சிபி/எம் இயங்குதளம் இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. 1981-இல் எம்எஸ்-டாஸும், பிறகு விண்டோஸும் அந்த வழியில் போயின. பழைய மேக் 13 மட்டும் போதும் என்றிருந்தது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை இன்றைக்கும் இரண்டையும்தான் கேட்கிறது. விண்டோஸைத் தனியாகக் கூண்டில் ஏற்ற முடியாது.

2005-இல் பிறந்த கிட், பைட்டுகளை ஹாஷ் செய்து அடையாளம் காண்கிறது. ஒரு 13 கூடினாலே அது வேறு கோப்பு. முதலில் கொடுத்த பரிகாரம், வரிமுடிவுகளைத் தானாக மாற்றும் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' அமைப்பு. அது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருப்பதால், குழுவில் ஒருவர் மறந்தாலும் கோளாறு. கிட்டுக்கு முந்தைய சப்வெர்ஷன், வரி எப்படி முடிய வேண்டும் என்ற விதியைக் கோப்போடு சேர்த்தே வைத்திருந்தது. 2010-இல் கிட் 1.7.2 'டெக்ஸ்ட்', 'இஓஎல்' பண்புகளைக் கொண்டுவந்தபோது, விதியைக் களஞ்சியத்தின் 'கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் எழுதிவைக்க முடிந்தது. விதி தங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி.

என் பைட்டில் கைவைக்க இந்தக் கருவிக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, படக் கோப்பை எழுத்துக் கோப்பு என்று நினைத்து மாற்றினால் படம் பாழ். எடிட்டரே சமாளிக்கட்டும் என்றால், 10 மட்டும் உள்ள கோப்பைப் படிப்பதில் 2018-இல் நோட்பேட்கூடத் தேறிவிட்டது. ஆனால் கோப்பை எடிட்டர் மட்டுமா படிக்கிறது? ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரிக் கடைசியில் ஒரு 13 ஒட்டியிருந்தால், லினக்ஸ் அதையும் நிரலின் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படியொன்று இல்லை என்று கைவிரித்துவிடும். ஆகவே ஷெல் ஸ்கிரிப்டுக்கு 10 மட்டும், விண்டோஸின் பேட்ச் கோப்புக்கு இரண்டும், படத்தைத் தொடாதே என்று 'கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பிலேயே வரிவரியாக எழுதிவிட வேண்டியதுதான்.