அணுக்கம்

'அணுகு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர், பொருள் நெருக்கம். சோழர் காலத்தில் அரசனை நெருங்கிப் பணி செய்தவர் அணுக்கர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு வாயிலுக்கே திருவணுக்கன் திருவாயில் என்று பெயர். எண்ணிம ஆவணகத்தில் யார் பார்க்கலாம், யார் பதிவேற்றலாம், யார் திருத்தலாம் என்ற வரையறைக்கும் இச்சொல் நன்றாகப் பொருந்தும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கை மலையக நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். அட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில் தகரப் பெட்டிக்குள் பாட்டனார் பத்திரப்படுத்திய பிரஜாவுரிமைப் பத்திரம் அப்படியல்ல. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பெயரும் குடும்ப விவரமும் அதில் உண்டு. அதை ஸ்கேன் செய்து சேர்ப்பவர்களே, பார்வையாளருக்கு எவ்வளவு அணுக்கம், ஆய்வாளருக்கு எவ்வளவு என்பதை முதலில் அந்த வீட்டாரிடம் கேளுங்கள்.